பூட்டுக்கு விலை கேட்கிறோம், சட்டத்திற்குக் கேட்டோமா?

(திண்டுக்கல்லில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வூர் பூட்டுக்குப் பேர்போனது. நாகல் நகர்ப் பட்டறைக்கு வருகிறவர் முதலில் என்ன கேட்கிறார்? விலை என்ன, எத்தனை வருஷம் உழைக்கும் என்றுதானே? நேற்றுத்தான் வீட்டில் திருடன் புகுந்தான் என்றாலும் விலை கேட்காமல் அவர் வாங்குவதில்லை. ஆனால் சர்க்கார் நாட்டுக்கே பூட்டுப் போடுகிறோம் என்று ஒரு மசோதா கொண்டுவந்தால் நாம் வாய் திறப்பதில்லை. பயம் வாசல் வழியாய் வந்தால் கணக்கு கொல்லை வழியாய்ப் போய்விடுகிறது!

2008 நவம்பர் 26-இல் மும்பைத் தாக்குதல் தொடங்கி 166 பேர் மாண்டார்கள். தேசியப் புலனாய்வு முகமை மசோதா டிசம்பர் 16-இல் வந்தது. 17-இல் லோக்சபையிலும், 18-இல் ராஜ்யசபையிலும் நிறைவேறிற்று. சட்டம் வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல இங்கு நமது வாதம். செலவை அலசிப் பார்க்க மூன்று நாள் போதுமா என்பதே கேள்வி.

விதி இல்லாமல் இல்லை. செலவு பிடிக்கும் மசோதாவோடு நிதிக்குறிப்பு வைக்கவேண்டும். ஒருமுறைச் செலவு எவ்வளவு, தொடர் செலவு எவ்வளவு என்று அதில் மதிப்பிடவேண்டும் என்கிறது லோக்சபையின் 69-ஆவது விதி. ஆனால் அதை எழுதுவது யார்? மசோதாவைக் கொண்டுவரும் இலாகாவே! விற்கிறவனே தராசும் பிடிக்கிறான். அமெரிக்காவிலோ, 1974-ஆம் வருஷச் சட்டப்படி, காங்கிரசுக்கென்றே தனி வரவுசெலவு அலுவலகம் ஏற்பட்டது. 2002-இல் 22 அலுவலகங்களைச் சேர்த்து உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகா அமைக்க மசோதா வந்தபோது, அதற்கும் அந்த அலுவலகம் செலவு மதிப்பிட்டுச் சொல்லிற்று.

தோழர்களே! பூட்டு ஒருமுறைச் செலவு. காவற்காரன் சம்பளம் மாதாமாதச் செலவு. 2024-25-இல் மத்திய உள்துறைக்கு ஒதுக்கியது சுமார் 2,19,600 கோடி ரூபாய். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 1,43,000 கோடி, மத்திய ஆயுதப் போலீஸ் படைகளுக்கு!

இன்னொரு சூட்சுமமும் உண்டு. நிதிக்குறிப்பில் பெரிதும் பார்ப்பது மத்திய கஜானாவை. போலீசோ மாகாணத்தின் பொறுப்பு. 2023-ஆம் வருஷத்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2024 ஜூலை 1-இல் அமலாயிற்று. ஏழு வருஷமோ மேலோ தண்டனையுள்ள குற்றமானால் தடயவியல் நிபுணர் குற்றம் நடந்த இடத்திற்கே வரவேண்டும் என்கிறது அது. இதை அமலாக்க மாகாணங்களுக்கு ஐந்து வருஷம் தவணை. நத்தத்திலோ வேடசந்தூரிலோ கொலை நடந்தால் நிபுணருக்குச் சம்பளம், வண்டி, ஆய்வுக்கூடம் யார் தருவது? சட்டம் டில்லியில், செலவு சென்னையில், வரி, சோப்பு வாங்கும் நம் வீட்டில்!

“உயிருக்கு விலை பேசலாமா?” என்பார்கள். உயிர் பெரிது என்பதால்தான் பேசுகிறோம். உதவாத பூட்டுக்குக் கொடுத்த காசு உதவும் பூட்டுக்குக் கிடைக்காமல் போகிறதே!

ஆகவே, ஓட்டுக் கேட்டு வருகிறவரை நிறுத்தி நான்கு கேள்வி கேளுங்கள்: ஒருமுறைச் செலவு எவ்வளவு? வருஷாவருஷம் எவ்வளவு? எந்தக் கஜானாவிலிருந்து? கணக்குப் போட்டது யார்? பதில் சொல்லத் தெரியாதவர், விலை தெரியாமல் நம் காசில் பூட்டு வாங்குகிறவரே ஆவார்.