கைக்கருவியின் தரம்: விலையும் மதிப்பும்

நமது நாட்டின் மோட்டார் வாகனத் துறையின் வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது, தொழிற்சாலைகளிலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் வாகனங்களின் எண்ணிக்கையே பெரிதும் கணக்கில் கொள்ளப்படுகிறது. ஆனால் வெளிவந்த வாகனம் தொடர்ந்து ஓட வேண்டுமாயின், அதைப் பழுது பார்க்கும் பட்டறைகளும் தொழிலாளர்களும் தேவை. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கொட்டகையையும் ஒரு கருவிப் பெட்டியையும் முதலாகக் கொண்டு நடைபெறும் பட்டறைகள் நாடெங்கும் உள்ளன. அங்குத் தொழிலாளியின் மூலதனம் ஏறத்தாழ முழுவதும் அந்தப் பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே அதிலுள்ள ஸ்பேனர், திருப்புளி, குறடு, சுத்தியல் ஆகியவற்றின் தரம், பொருளாதாரம் பயிலும் மாணவர்களும் அரசுக் கொள்முதலைக் கவனிக்கும் அலுவலர்களும் ஆராய வேண்டிய பொருளாகும்.

கண்ணுக்குப் புலப்படாத தரம்

பட்டறைகளில் 'பானா' என வழங்கும் ஸ்பேனரை எடுத்துக்கொள்வோம். ஒரே அளவுள்ள இரண்டு ஸ்பேனர்கள் கடையில் ஒரே பளபளப்புடன் காட்சியளிக்கும். ஒன்று குரோமியமும் வனேடியமும் கலந்த எஃகைச் சூடாக்கி, அச்சில் இட்டு அடித்து உருவாக்கியதாக இருக்கலாம்; மற்றொன்று சாதாரண இரும்பில் செய்து மேற்பூச்சு இட்டதாக இருக்கலாம். உருவாக்கிய எஃகைச் சூடேற்றி எண்ணெயில் தோய்த்துக் கடினப்படுத்த வேண்டும். பிறகு மிதமாகச் சூடேற்றி அதன் முறியும் தன்மையைக் குறைக்க வேண்டும். கடினம் போதாவிட்டால் ஸ்பேனரின் வாய் விரிந்துவிடும். கடினம் மிகுந்துவிட்டால் அது சட்டென்று ஒடியும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சமநிலையே தரம். அதை உற்பத்தியாளர் அறிவார். வாங்குவோர் கண்ணால் காண இயலாது.

இத்தகைய நிலையில் சந்தை எவ்வாறு இயங்கும் என்பதை, பழைய கார்களின் விற்பனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் 1970-இல் விளக்கினார். 2001-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நல்லதையும் தீயதையும் வாங்குவோர் பிரித்தறிய முடியாதபோது, இரண்டுக்கும் இடைப்பட்ட விலையையே அவர் கொடுக்க முன்வருவார். அந்த விலை நல்ல பொருளைச் செய்பவருக்குக் கட்டுப்படியாகாது. அவர் சந்தையை விட்டு விலகுவார். இறுதியில் தரம் குறைந்ததே எஞ்சும். கைக்கருவிச் சந்தைக்கும் இது பொருந்தும்.

இதற்கு மாற்று, தரத்தைப் பற்றிய நம்பகமான தகவலாகும். இந்தியத் தர நிர்ணயக் கழகம் 1947-இல் தோன்றியது. அதன் முத்திரைக்குச் சட்ட வடிவம் 1952-இல் கிடைத்தது. 1987-இல் அதன் பணிகளை இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்றது. திறந்த வாய் ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2028, வளைய ஸ்பேனருக்கு ஐ.எஸ். 2029, திருப்புளிக்கு ஐ.எஸ். 844 எனத் தனித்தனி நிர்ணயங்கள் உள்ளன. உற்பத்தி முனையிலும் முயற்சிகள் நடைபெற்றுள்ளன. பஞ்சாபின் ஜலந்தர், லூதியானா நகரங்களும் ராஜஸ்தானின் நாகௌரும் கைக்கருவி செய்வதில் பெயர் பெற்றவை. சிறு உற்பத்தியாளர்களுக்கு வெப்பப் பதப்படுத்தல், சோதனை, பயிற்சி ஆகிய உதவிகளை அளிக்க, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் மத்தியக் கைக்கருவி நிலையம் 1983-இல் ஜலந்தரில் நிறுவப்பட்டது.

வாங்குமுன் நோக்க வேண்டியவை

முத்திரை இருப்பினும் இல்லாவிடினும், வாங்குவோர் தாமே சில சோதனைகளைச் செய்துகொள்ள முடியும். ஸ்பேனரின் இரு தாடைகளும் இணையாக இருத்தல் வேண்டும். தயாரித்தவரின் பெயரும் அளவும் உலோகத்திலேயே பதிந்திருத்தல் நல்லது. ஒட்டிய சீட்டு போதாது. மேற்பூச்சு உரிந்தால் அதன் விளிம்பு கையைக் கிழிக்கும். மொத்தமாக வாங்கும்போது ஒரு கருவியை மட்டும் எடுத்து அரத்தால் உராய்ந்து பார்க்கலாம். பூச்சுக்கு அடியிலுள்ள உலோகத்தில் அரம் எளிதாகப் பாய்ந்தால், அது மென்மையானது என்பது விளங்கும்.

வேலைக்கு ஏற்ற கருவியைத் தெரிவு செய்வதும் தரத்தின் ஒரு பகுதியே. திறந்த வாய் ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கங்களை மட்டுமே பற்றுகிறது. வளைய ஸ்பேனரும் சாக்கெட்டும் நட்டைச் சுற்றிலும் பற்றுகின்றன. ஆகவே இறுகிய நட்டைத் தளர்த்த வளையமும், தளர்ந்தபின் விரைவாகக் கழற்றத் திறந்த வாயும் ஏற்றவை. காற்றழுத்தத் துப்பாக்கியில் சாதாரண சாக்கெட்டைப் பொருத்தினால் அது வெடித்துச் சிதறக்கூடும். அதற்கென்று தடித்த கறுப்புச் சாக்கெட்டுகள் உள்ளன. எஞ்சின் தலைப்பகுதியின் போல்ட்டுகளைக் கைக்கணக்கில் முடுக்காமல் முறுக்குவிசை அளவிடும் ரெஞ்சால் முடுக்க வேண்டும். அந்த ரெஞ்சைக் குறித்த காலத்தில் சோதித்துச் சரிசெய்யாவிட்டால், அது காட்டும் அளவை நம்ப இயலாது. மின்சார வாகனங்கள் பெருகிவரும் இக்காலத்தில், உயர் மின்னழுத்தப் பகுதிகளுக்கு 1,000 வோல்ட் வரை காப்பிட்ட கருவிகள் வேண்டும். பிடியில் பிளாஸ்டிக் சுற்றியிருப்பதாலேயே ஒரு குறடு காப்பிட்டதாகிவிடாது.

அளவுகளும் குழப்பமும்

நமது நாட்டில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-இல் இயற்றப்பட்டு, 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. எனினும் பிரிட்டிஷ் மாதிரியைப் பின்பற்றிய அம்பாசடர் போன்ற கார்களில் அங்குல அளவு நட்டுகள் நெடுங்காலம் நிலைத்தன. 1983-இல் மாருதி வந்தபின், ஜப்பானிய வழக்கப்படி 10, 12, 14, 17 மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் பட்டறைகளில் இன்றியமையாதவை ஆயின. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அந்த நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனரும் நுழையும்; ஆனால் 0.3 மில்லிமீட்டர் தளர்வு நட்டின் முனைகளைத் தேய்த்துவிடும். முனை தேய்ந்த நட்டை உளியால் வெட்டி எடுக்க நேரும்போது, சில நிமிட வேலை அரை நாள் வேலையாகிறது. தரமற்ற ஸ்பேனரின் வாய் விரிவதாலும் இதே விளைவுதான் ஏற்படுகிறது. இந்த இழப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

மலிவு யாருக்கு மலிவு?

இவ்வளவும் அறிந்த தொழிலாளி ஏன் தரமற்ற கருவியை வாங்குகிறார்? அறியாமையே காரணம் என்று கூறிவிடுதல் எளிது. கணக்கு வேறு விடையைத் தருகிறது. விளக்கத்திற்காக இவ்வாறு கொள்வோம். ஒரு ஸ்பேனர்த் தொகுதியின் விலை 600 ரூபாய். இரண்டு ஆண்டுகள் உழைக்கும். மற்றொன்றின் விலை 1,600 ரூபாய்; பத்து ஆண்டுகள் உழைக்கும். முன்னதற்கு ஆண்டுக்கு 300 ரூபாய் செலவு. பின்னதற்கு 160 ரூபாய் மட்டுமே. நல்ல கருவியே மலிவு என்பது இதிலிருந்து தெளிவு.

ஆனால் தொழிலாளியின் கையில் 600 ரூபாய்தான் உள்ளது. எஞ்சிய 1,000 ரூபாயை அவர் கடனாகப் பெற வேண்டும். வங்கி ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் கொடுத்தால், முதல் ஆண்டு வட்டி 100 ரூபாய். மொத்தச் செலவு 260 ரூபாய். அப்போதும் நல்ல கருவியே ஆதாயம். வட்டிக்கடைக்காரர் மாதம் 3 சதவீதம் கேட்டால், ஓராண்டு வட்டி 360 ரூபாய். மொத்தம் 520 ரூபாய். இப்போது மலிவான கருவியை வாங்குவதே அவருக்கு அறிவுடைமையாகிறது. ஆகவே கருவியின் தரம், இரும்பின் தன்மையோடு கடனின் விலையையும் பொறுத்திருக்கிறது. ஏழைத் தொழிலாளி இரண்டாண்டுக்கு ஒரு முறை அதே மோசமான கருவியைத் திரும்பத் திரும்ப வாங்குவதன் காரணம் இதுவே.

2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் பெற வழியுண்டு. 2023-இல் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களுக்குக் கருவி வாங்க 15,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை அளிக்கிறது. சுத்தியல், கருவிப்பெட்டி செய்வோர் அந்தப் பட்டியலில் உள்ளனர். மோட்டார் மெக்கானிக் அதில் இல்லை. ஆகவே அவருக்கு வங்கிக் கடனே முதன்மையான வழியாக இருக்கிறது.

அரசுக் கொள்முதலின் பொறுப்பு

தொழிற்பயிற்சி நிலையங்கள், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ஆகியவற்றின் பணிமனைகள் கைக்கருவிகளை மொத்தமாக வாங்குகின்றன. 'ஸ்பேனர், ஒரு தொகுதி' என்று மட்டும் குறிப்பிட்டு, மிகக் குறைந்த விலையை ஏற்றுக்கொண்டால், கிடைப்பது எதுவென்று முன்பே கூறிவிடலாம். விலைப்புள்ளி கோரும்போதே நிர்ணய எண், எஃகின் வகை, கடினத்தின் வரம்பு ஆகியவற்றைக் குறிப்பிடுதல் வேண்டும். தொழில்நுட்பத் தகுதியை ஓர் உறையிலும் விலையை மற்றோர் உறையிலும் பெறும் முறை, தகுதியுள்ளவற்றுக்குள் மட்டும் விலைப் போட்டியை நிகழ்த்துகிறது. வந்த சரக்கில் சில மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்புவதற்கு ஆகும் செலவு, முழுச் சரக்கும் வீணாவதைவிடச் சிறியதாகும்.

பயிற்சி நிலையத்தின் கருவிகளுக்கு மேலும் ஒரு முக்கியத்துவம் உண்டு. வாய் விரிந்த ஸ்பேனரில் தொழில் பழகும் மாணவன், நட்டு வழுக்குவதை இயல்பென்று எண்ணுகிறான். குறடால் நட்டைத் திருகப் பழகுகிறான். பிடியில் குழாயைச் செருகி இழுத்து, ஸ்பேனர் ஒடியும்போது விரல் எலும்பையும் முறித்துக்கொள்கிறான். நல்ல கருவியைக் கையாண்டவனுக்கே தீயதை அடையாளம் காணும் கண் வாய்க்கிறது. அவ்வாறு பழகியவர் சந்தைக்கு வரும்போது, தேர்ந்து வாங்குவோராக வருகிறார். நல்ல பொருளைச் செய்யும் சிறு உற்பத்தியாளர் அவரை நம்பித் தொழில் நடத்த முடிகிறது.

நட்டு ஒன்றைச் சரியாக முடுக்குவதில், பேருந்தில் செல்லும் அனைவரின் உயிரும் அடங்கியிருக்கிறது. அந்த நட்டை முடுக்கும் கையில் நம்பத்தக்க கருவி இருக்க வேண்டுமாயின், நிர்ணயத்தை எழுதும் அமைப்பும், அதைக் கேட்டு வாங்கும் அலுவலரும், நியாயமான வட்டியில் கடன் கொடுக்கும் வங்கியும் தத்தம் கடமையைச் செய்தல் வேண்டும்.