என்பு பற்றும் உலோகம்

இடுப்பு மூட்டுத் தேய்ந்தவருக்குப் படியேறுவதும் நிலத்திலிருந்து எழுவதும் பெருந்துன்பம். நோயுற்ற மூட்டை நீக்கி, தொடையென்பினுள் உலோகத் தண்டொன்றையும் இடுப்பென்பிலே கிண்ணமொன்றையும் பொருத்தும் சத்திரசிகிச்சை அத்துன்பத்தைப் போக்குகின்றது. ஆயின், பொருத்திய மூட்டு எத்தனை ஆண்டு நிலைக்கும்?

இவ்வினாவுக்கு விரைந்து விடைகூறல் ஆகாது என்பதை வரலாறு உணர்த்துகின்றது. 1950களின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் றைட்டிங்டன் வைத்தியசாலையில், ஜோன் சார்ன்லி என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் தெப்லோன் என்ற வழுவழுப்பான பொருளாற் கிண்ணஞ் செய்து பொருத்தினார். தொடக்கத்தில் நோயாளர் நோவின்றி நடந்தனர். சில ஆண்டுகளுள் கிண்ணங்கள் தேய்ந்தன. உதிர்ந்த துகள்கள் அயலிலுள்ள இழையங்களைக் கெடுத்தன. சார்ன்லி அப்பொருளைத் தம் தொடையிலேயே இட்டு அதன் தீங்கைச் சோதித்தார். 1962 இல் பொலியெதிலீன் கிண்ணத்துக்கு மாறினார்.

சார்ன்லி மூட்டின் பாகங்களை அக்கிரிலிக்குச் சீமெந்தினால் நிலைநிறுத்தினார். காலப்போக்கிற் சிலருக்கு அப்பிடி தளர்ந்தது. சீமெந்தின்றி என்பே உலோகத்தைப் பற்றிக்கொண்டால் என்ன என்று பின்வந்தோர் சிந்தித்தனர். 1985 இல் லண்டனில் றொனால்ட் பேர்லோங் என்பவர் ஐதரொட்சி அபற்றைற்று பூசிய மூட்டைப் பொருத்தினார். நம் என்பின் கனிப்பொருளை ஒத்த கல்சியம் பொசுபேற்றே அப்பூச்சு. மிகுந்த வெப்பத்தில் உருக்கி உலோகத்தின்மேல் விசிறப்படும் அது, புதிய என்பைத் தன்மீது வளரச் செய்கின்றது. பூச்சு ஆண்டுக்கணக்கில் மெல்லக் கரையினும், அதற்குள் என்பு உலோகத்தை இறுகப் பற்றிவிடும்.

இவ்வாறு பூசிய தண்டுகளிற் பெரும்பாலானவை 20 ஆண்டுகள் கடந்தும் உறுதியாய் நிற்பதைப் பேர்லோங்கின் வழிவந்தோர் கண்டனர். எனினும், பூச்சொன்றே காரணமென்று கொள்ளலாகாது. 1979 முதல் சத்திரசிகிச்சைகளைப் பதிந்துவரும் சுவீடன் நாட்டின் ஏடுகளை ஆராய்ந்தோர், பூசிய கிண்ணங்கள் பூசாதவற்றினும் கூடுதலாக மாற்றப்பட நேர்ந்ததென 2010 இல் அறிவித்தனர். தண்டின் வடிவமும், உலோகப் பரப்பின் கரடுமுரடும், கிண்ணத்தின் உட்புறம் தேயும் வேகமும் பூச்சுக்கு நிகரான முக்கியத்துவம் உடையன.

பல நாட்டுப் பதிவுகளைத் தொகுத்து 2019 இல் வெளியான ஆய்வொன்று, பொருத்தப்பட்ட இடுப்பு மூட்டுக்களில் 100 க்கு 58 அளவில் 25 ஆண்டுகள் நிலைப்பதாகக் கணித்தது. அவை பெரும்பாலும் பழைய மூட்டுக்கள். இன்று வழங்கும் உறுதி மிக்க பொலியெதிலீன் மிகக் குறைவாகவே தேய்கின்றது.

ஒன்றை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். தேய்ந்த துகள்கள் மூட்டைச் சூழ்ந்த என்பை அரிப்பது, நோவு தோன்றுமுன்னரே நிகழலாம். ஆகவே, நன்றாக நடக்கின்றோமே என்று இருந்துவிடாது, வைத்தியர் குறித்த காலங்களிற் சென்று எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பித்துக்கொள்வதே அறிவுடைமை. மூட்டின் தகுதியை முதலாண்டு நடையன்று, இருபதாம் ஆண்டுப் படமே சொல்லும்.