முகவரி உள்ள கோபம்

(அனுமந்தையில் நிகழ்த்திய நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு)



யார் நினைவாகக் கூடியிருக்கிறோமோ, அவர் சண்டைப் படங்களை விடாமல் பார்த்தவர் என்று வீட்டார் சொன்னார்கள். அதனால் எழுபதுகளின் துப்பாக்கிப் படங்களைப் பற்றியே பேசுகிறேன்.

1. இரண்டு வழிகள்

1974இல் 'த்ரீ டஃப் கைஸ்' என்றொரு குற்றப் படம் வந்தது. தயாரிப்பாளர் டினோ டி லாரண்டிஸ், இயக்குநர் டுச்சியோ டெசாரி, இருவரும் இத்தாலியர். கதை நடப்பது அமெரிக்காவின் சிகாகோவில். அடிதடிக்கு அஞ்சாத பாதிரியாராக லினோ வெஞ்சுரா. அவரோடு கூட்டுச் சேரும் முன்னாள் போலீஸ்காரராகக் கறுப்பினப் பாடகர் ஐசக் ஹேய்ஸ். எதிரி ஃப்ரெட் வில்லியம்சன். இசையும் ஹேய்ஸ்தான்.

இந்தப் படத்தில் இரண்டு மரபுகள் சந்திக்கின்றன. ஒன்று, இத்தாலியர்கள் வளர்த்த குதிரைப் படம். 1964இல் செர்ஜியோ லியோனி, குரோசாவாவின் 'யோஜிம்போ' கதையை எடுத்து, ஸ்பெயினின் வறண்ட நிலத்தில் படமாக்கி, மெக்சிகோ எல்லையில் நடப்பதாகக் காட்டினார். ஜப்பானியக் கதை, ஸ்பெயின் மண், அமெரிக்க நடிகர் கிளிண்ட் ஈஸ்ட்வுட். நாயகன் எங்கிருந்து வந்தான் என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று, 1971இல் 'ஷாஃப்ட்' போன்ற படங்களோடு எழுந்த கறுப்பின நாயகர்களின் அலை. அங்கே நாயகனுக்கு ஊர் உண்டு, தெரு உண்டு. அவன் கதை நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் சுழல்கிறது. திரையில் பெரும்பாலும் வேலைக்காரனாகவும் எடுபிடியாகவும் தங்களைப் பார்த்துவந்த மக்கள், தங்களில் ஒருவன் ஜெயிப்பதைக் கண்டார்கள். குற்றவாளிகளையே நாயகர்களாக்குகிறார்கள் என்று கறுப்பின உரிமை அமைப்பினரே கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்திலும் நியாயம் இருந்தது.

டெசாரியின் படத்தில் அடி பலமாக விழுகிறது. ஹேய்ஸின் தாளம் காதில் நிற்கிறது. ஆனால் ஹார்லெமின் கோபம் அதில் இல்லை. கறுப்பு நாயகனின் நடையையும் இசையையும் வாங்கிக்கொண்டார்கள். அவன் கோபத்தின் காரணத்தை வாங்கவில்லை.

2. தொப்பி வந்தது, தெரு வரவில்லை

அதே காலத்தில் நம்மிடம் என்ன நடந்தது? குடும்பக் கதைகளுக்கு ஒளிப்பதிவு செய்து பேர் வாங்கிய கர்ணன் இயக்குநரானார். 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972) என்று ஜெய்சங்கருக்குத் தொப்பி மாட்டிக் குதிரையில் ஏற்றினார். தெலுங்கில் 1971இல் கே.எஸ்.ஆர். தாஸ் இயக்கிய 'மோசகாள்ளகு மோசகாடு' கிருஷ்ணாவைக் கௌபாய் ஆக்கியது. அதே தாஸ் 1970இலேயே 'ரௌடி ராணி'யில் விஜயலலிதா கையில் துப்பாக்கி கொடுத்துப் பழிவாங்க அனுப்பிவிட்டார். அமெரிக்காவில் பாம் கிரியர் 'காஃபி'யில் அதைச் செய்தது 1973இல்.

குதிரைத் துரத்தலில் கர்ணனின் கேமராவுக்கு ஈடு குறைவு. அந்தத் திறமையை நாம் கொண்டாட வேண்டும். ஆனால் அந்தப் படங்களின் ஊரில் தாசில்தார் கிடையாது, ரேஷன் கடை கிடையாது, சாதி கிடையாது. இத்தாலியரின் யாருமற்ற நிலத்தை அப்படியே எடுத்துக்கொண்டோம். ஹார்லெமின் தெருவை எடுத்துக்கொள்ளவில்லை.

3. ஐம்பது ஆண்டு கழித்து

நாம் எடுத்துக்கொள்ளாமல் விட்ட அந்தத் தெரு 2023இல் வந்தது. கார்த்திக் சுப்பராஜின் 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' எழுபதுகளில் நடக்கிற கதை. மதுரை ரௌடி சீசராக ராகவா லாரன்ஸ். கிளிண்ட் ஈஸ்ட்வுட்டின் பக்தன். நிறத்தைச் சொல்லி ஏளனம் செய்தவர்கள் முன்னால் தமிழ் சினிமாவின் முதல் கறுப்பு நாயகனாக நின்று காட்ட ஆசைப்படுகிறான். அவனை வைத்துப் படமெடுக்க வருபவர் எஸ்.ஜே. சூர்யா. தொப்பியும் துப்பாக்கியும் இத்தாலி வழியில் வந்தவை. நிறத்தின் வலி நம்முடையது. கதை காட்டுக்குள் போனதும், யானைத் தந்தத்துக்கும் அதிகாரத்துக்கும் இடையில் சிக்கிய பழங்குடி மக்கள் வருகிறார்கள். அங்கே சீசரின் சொந்த ஆசை சிறுத்து, ஒரு மக்களின் வழக்கு முன்னால் வருகிறது. டெசாரி தவறவிட்டது இதைத்தான்.

4. நம் கரை

நம் மரக்காணம் உப்பளங்களின் வெள்ளை வெளியைப் பார்க்கும் எந்த ஒளிப்பதிவாளருக்கும் குதிரைப் படம்தான் நினைவுக்கு வரும். அதை இங்கே எடுப்பது எளிது. ஆனால் இந்தக் கரைக்கென்று, சாராயத்தைச் சுற்றிய ஒரு குற்றக் கதை உண்டு. 1971இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்ந்தது. 1974இல் திரும்ப வந்தது. பக்கத்திலேயே புதுச்சேரியில் அப்போது விலக்கு இல்லை. ஒரே சாலையில் அன்று இரண்டு சட்டம். 2023 மே மாதம், பக்கத்து எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பலர் மாண்டதையும் நாம் கண்டோம். அது கற்பனை ஊரில் நடந்ததல்ல.

இங்கே படமெடுக்க வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். கேமராக் கோணத்தை எங்கிருந்து வேண்டுமானாலும் வாங்குங்கள்; லியோனியும் வாங்கியவர்தான். ஆனால் சாராயத்தைக் காய்ச்சியவன் யார், விற்றவன் யார், கண்டும் காணாமல் இருந்தவன் யார், இறந்தவனின் கூலி எவ்வளவு என்ற கேள்விகளுக்கு உங்கள் கதையில் பதில் இருக்கட்டும். அந்தப் பதில் இருந்தால் துப்பாக்கியே இல்லாமலும் படம் ஓடும்.