ஏட்டுச் சுரைக்காயும் வீட்டுச் சுரைக்காயும்

(குடும்ப நலத் தம்பதியர் கூட்டத்தில் கிராம சுகாதார செவிலியர் பேசியது)

 

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். நான் இன்றைக்குப் பேசப் போவதும் சுரைக்காயைப் பற்றித்தான். கேட்டுவிட்டு, கையில் கொடுக்கும் இந்தத் தாளை மடித்து எரவாணத்தில் செருகிவிட்டால் இதுவும் ஏட்டுச் சுரைக்காய்தான். வீட்டுக்குப் போய் அடுப்பில் ஏற்றினால்தான் வீட்டுச் சுரைக்காய்.

“சத்துணவு, இரத்தசோகை என்று பேசுகிற நர்சம்மா, வடை சுடச் சொல்லித் தரவா வந்திருக்காங்க?” என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரிக்கலாம். ஆனால் வடை சுடுவது பாதிப் பேச்சுதான். சுட்ட வடை யார் தட்டுக்குப் போகிறது என்பது மீதிப் பேச்சு. அதற்காகத்தான் ஆண்களையும் கூப்பிட்டேன்.

ஒரு வீட்டில் பார்த்தது

போன கோடையில் ஒரு நாள் சாயங்காலம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பந்தலில் காய்த்த சுரைக்காயைத் துருவி அந்த வீட்டுப் பெண் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். வயிற்றில் ஐந்து மாதம். இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை ஒன்று, ஒன்றரை வயது. முதல் ஈடு மாமனாருக்கும் மாமியாருக்கும் போனது. அடுத்த ஈடு புருஷனுக்கு. பிறகு கொழுந்தனுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும். கடைசியில் தட்டில் இருந்தது உடைந்துபோன ஒரு வடையும் கொஞ்சம் தூளும்தான்.

“நீ சாப்பிடலையா?” என்றேன். “எண்ணெய்க்கு முன்னாடியே உக்காந்து எனக்குப் பிடிக்கலைங்க சிஸ்டர்” என்றாள். அவள் கண் ரெப்பையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8 கிராம். கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தாலே இரத்தசோகை.

இது அந்த ஒரு வீட்டுக் கதை இல்லை. 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பது தெரிந்தது. பிரசவத்தில் இரத்தம் போகும்போது, உடம்பில் இரத்தமே குறைவாக உள்ளவள் தாங்கமாட்டாள். எடை குறைந்து, நாள் முந்திப் பிள்ளை பிறக்கவும் இது காரணமாகிறது.

முதலில் காயைப் பாருங்கள்

தைப் பட்டத்தில் விதைத்த சுரைக்கொடி கோடையில் காய்க்கும். குளிக்கிற தண்ணீரைத் திருப்பிவிட்டாலே போதும், ஒரு பந்தலை மூடிவிடும். நகத்தால் அழுத்தினால் நகம் இறங்குகிற பிஞ்சுக் காயாகப் பறியுங்கள். முற்றினால் விதை கட்டியாகி, சதை நாராகிவிடும்.

காயை நறுக்கியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு வாயைக் கொப்பளியுங்கள். அந்தக் காயை அப்படியே குப்பைக்குழியில் போடுங்கள், மாட்டுக்கும் வேண்டாம். “வேகவச்சா கசப்பு போயிடும்”, “கசப்பு உடம்புக்கு நல்லதுதானே” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பாகற்காய்க் கசப்பு வேறு, இது வேறு. கசக்கும் சுரைக்காயில் ஒருவகை நச்சுப்பொருள் இருக்கிறது. வேகவைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. உள்ளே போன சிறிது நேரத்தில் வயிற்றுவலி, வாந்தி, பேதி வரும். சிலருக்கு வாந்தியில் இரத்தம் வரும், இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து உயிரிழந்தவர்களும் உண்டு. அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்து, கசக்கும் சுரைச்சாற்றைக் குடிக்கவே கூடாது என்று எச்சரித்தது. இப்படி நேர்ந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

தானாக முளைத்த கொடியிலும், தண்ணீர் இல்லாமல் வாடிய கொடியிலும் கசப்புக் காய் வரலாம். ஒரே கொடியில் நேற்றுப் பறித்த காய் நன்றாயிருந்தது என்பதற்காக இன்றைய காயை ருசி பார்க்காமல் விடாதீர்கள்.

வேண்டிய சாமான்கள்

பிஞ்சுச் சுரைக்காய் அரைக் கிலோ. கடலைப்பருப்பு 200 கிராம். ரேஷன் துவரம் பருப்பில் பாதி கலந்தாலும் சரி. அரிசி மாவு அல்லது கேழ்வரகு மாவு இரண்டு கைப்பிடி. முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி. பெரிய வெங்காயம் ஒன்று. காய்ந்த மிளகாய் நான்கு, சோம்பு ஒரு தேக்கரண்டி, இஞ்சி ஒரு துண்டு, கறிவேப்பிலை. அயோடின் கலந்த உப்பு. பொரிக்க எண்ணெய்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சுரைக்காயில் பெரிய சத்து ஒன்றும் இல்லை. நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர்தான். அது கோடைக்கு இதம், வயிற்றுக்கு லேசு, கைக்காசு செலவில்லாமல் நாலு பேருக்குக் காணும். அவ்வளவுதான். சத்து வருவது கூடச் சேர்க்கிற பொருளில். 200 கிராம் பருப்பில் சுமார் 40 கிராம் புரதம் இருக்கிறது. முருங்கைக்கீரையில் இரும்பும் வைட்டமின் ஏ-யும், கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் இருக்கின்றன. கீரை சேர்க்காமல் சுட்டால் வடை வடையாக இருக்கும், நான் இங்கே வந்து பேசியதில் பயன் இருக்காது.

செய்யும் முறை

பருப்பைக் கழுவி இரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, மீதியைத் தண்ணீரை நன்றாக வடித்து, மிளகாய், சோம்பு, இஞ்சி சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். அரைக்கும்போது தண்ணீர் விடக்கூடாது.

சுரைக்காயைத் தோல் சீவித் துருவி, ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுப் பிசறிப் பத்து நிமிஷம் வையுங்கள். தண்ணீர் விட்டுக்கொள்ளும். இரண்டு கையாலும் ஒட்டப் பிழிந்து எடுங்கள். “மாவு நீர்த்துப்போச்சு, வடை எண்ணெய் குடிக்குது” என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். பிழிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், குழம்புக்கோ ரசத்துக்கோ ஊற்றுங்கள். அதில் உப்பு இருப்பதால் குழம்புக்கு உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

துருவல், அரைத்த பருப்பு, எடுத்துவைத்த பருப்பு, மாவு, பொடியாக நறுக்கிய வெங்காயம், கீரை, கறிவேப்பிலை எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசையுங்கள். ருசி பார்த்து, தேவையானால் மட்டும் சிட்டிகை உப்பு. பிசைந்த பிறகு வைத்திருக்கக் கூடாது, மறுபடி நீர் விட்டுக்கொள்ளும். எண்ணெய் காய்ந்தபிறகு பிசைந்தாலும் தவறில்லை.

எண்ணெயில் ஒரு துளி மாவைப் போட்டால் அது அடியில் தங்காமல் மெதுவாக மேலே வரவேண்டும். எலுமிச்சம்பழ அளவு மாவை உள்ளங்கையில் தட்டி, நடுத்தரத் தீயில் இரண்டு பக்கமும் சிவக்கவிட்டு எடுங்கள். தீ அதிகமானால் மேலே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். பிள்ளைகளை அடுப்படியில் விடாதீர்கள்.

பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது இருதயத்துக்குக் கெடுதல். ஆகவே சின்ன வாணலியில் கொஞ்சமாக எண்ணெய் விட்டுச் சுடுங்கள். மிஞ்சினதை வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிக்கப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் போதும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களுக்குத் தோசைக்கல்லில் அடைபோலத் தட்டி, சொட்டு எண்ணெய் விட்டுச் சுட்டுக் கொடுங்கள். வாரம் ஒருமுறை வாணலி என்றால் மற்ற நாள் தோசைக்கல்.

டீ வேண்டாம், மாங்காய் வேண்டும்

வடை என்றால் டீ என்பது நம் ஊர் வழக்கம். ஆனால் டீயிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள். டீக்குப் பதிலாக மாங்காய்க் கீற்றோ, எலுமிச்சம்பழம் பிழிந்த வெங்காயமோ வையுங்கள். புளிப்பில் உள்ள வைட்டமின் சி அந்த இரும்பை உடம்பில் சேர்த்துவிடும். கோடையில் மாங்காய்க்கு என்ன பஞ்சம்?

வடையைத் தின்றுவிட்டு மாத்திரையை விட்டுவிடக் கூடாது. நான்காம் மாதம் முதல் தினம் ஒரு இரும்புச் சத்து மாத்திரை, 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். குமட்டினால் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்படவேண்டாம். கால்சியம் மாத்திரையை அதோடு சேர்த்துப் போடாமல் வேறு வேளைக்கு வையுங்கள்.

“சுரைக்காய் குளிர்ச்சி, பிள்ளை பெத்தவளுக்கு ஆகாது” என்று சொல்லும் மாமியார்மார்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் அக்கறையாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் கசப்பில்லாத நல்ல காயால் தாய்க்கும் கெடுதல் இல்லை, பாலுக்கும் கெடுதல் இல்லை. பத்தியம் என்று ஒவ்வொன்றாக நிறுத்தினால் பால் கொடுக்கிறவள் எதைச் சாப்பிட்டு எழுந்திருப்பாள்?

ஆறு மாதம்வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும். அதன் பிறகு சுரைக்காயைப் பருப்போடு குழைய வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். வடை கைக்குழந்தைக்கு ஆகாது, முழுப் பருப்பு தொண்டையில் அடைக்கும்.

தட்டைப் பங்கிடுவது

நான் சொன்ன அளவுக்கு ஏறக்குறைய 24 வடை வரும். நான்கு வடையில் ஒரு முட்டை அளவு புரதம் இருக்கிறது. இப்போது ஆண்களைக் கேட்கிறேன்: உங்கள் வீட்டில் அந்த 24-ல் அவளுக்கு எத்தனை? தெரியாதென்றால் இன்றைக்கு எண்ணிப் பாருங்கள்.

நான் சொன்ன அந்த வீட்டுக்காரரிடமும் இதைத்தான் கேட்டேன். முகம் வாடிவிட்டது. “அவ சாப்பிட்டிருப்பான்னு நெனச்சேங்க” என்றார். அதன் பிறகு அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. முதல் ஈட்டிலேயே நான்கை எடுத்து ஒரு கிண்ணத்தில் மூடிவைப்பார். “இது உள்ளே இருக்கிற பிள்ளைக்கு” என்று மாமியாரும் சேர்ந்துகொண்டார். இரவில் மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும் அவர் வேலையாயிற்று. ஆவணியில் அந்தப் பெண்ணுக்குச் சுகப்பிரசவம். அதற்குள் இரத்தம் 10 கிராமைத் தாண்டியிருந்தது. அது வடை மட்டும் செய்த வேலை இல்லை. மாத்திரையும் கீரையும் சேர்ந்து செய்தது. ஆனால் கிண்ணம் மூடிவைத்த அன்றைக்கே அது ஆரம்பித்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. ஒரு பிள்ளை இடுப்பில் இருக்கும்போதே இன்னொன்று வயிற்றில் என்றால் எந்த உணவும் ஈடுகொடுக்காது. ஒரு போகம் எடுத்த நிலத்தையே ஆறப்போட்டு எருவிடுகிறோம். தாயின் உடம்புக்கு அந்த ஓய்வு வேண்டாமா? இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் மூன்று வருஷமாவது இடைவெளி விடுங்கள். பிரசவித்த 48 மணி நேரத்துக்குள் போடும் காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, ஆணுறை எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். போதும் என்று முடிவெடுத்தவர்களுக்கு ஆண்களுக்கான கருத்தடையும் உண்டு. அது பெண்களுக்குச் செய்வதைவிட எளிது. எது பொருந்தும் என்பதைப் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து வந்து கேளுங்கள். வெட்கம் வேண்டாம்.

வீட்டுக்குப் போய்ப் பந்தலில் ஒரு பிஞ்சுக் காயைப் பறியுங்கள். ருசி பாருங்கள். நான்கு வடையை முதலில் எடுத்து மூடிவையுங்கள். இந்தத் தாளை எரவாணத்தில் செருகுவது அதற்கப்புறம் இருக்கட்டும்.