அங்கே நமக்கு யாரைத் தெரியும்?

(சங்கத்தின் வெள்ளிவிழாவையொட்டித் திருவண்ணாமலையில் நிகழ்த்திய உரை)



பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சென்னைக்கோ பெங்களூருக்கோ செல்லவிருக்கும் நம் பிள்ளைகள் தலைமையாசிரியர் அறைக்கு வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். கட்டணம் எவ்வளவு என்பதன்று. பாடம் கடினமா என்பதுமன்று. "ஐயா, அங்கே நமக்கு யாரைத் தெரியும்?" என்பதே அது. அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. "நம்மை யாரென்று தெரிந்தபின் தங்க இடம் கொடுப்பார்களா?" சேரியில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இதனை விளக்க வேண்டுவதில்லை. எனவே, நம் எல்லாரினும் நெடுந்தொலைவு சென்ற ஒருவரின் பயணத்தையே இன்று விடையாகக் கூற விழைகிறோம்.

1913 ஜூலைத் திங்களில் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் நகரில் இறங்கியபோது அவருக்கு வயது 22. தந்தையார் இராம்ஜி மறைந்து ஆறு திங்கள்கூட நிறையவில்லை. கையிலிருந்தது பரோடா மன்னர் சயாஜிராவ் அளித்த உதவித்தொகை, மாதம் பதினொன்றரைப் பவுன். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஹார்ட்லி விடுதியில் முதலில் தங்கினார்; உணவு ஒத்துவரவில்லை. சில நாள்களில் இந்திய மாணவர் சிலர் தங்கியிருந்த காஸ்மாபாலிட்டன் கிளப்புக்கு மாறினார். பின்னர் லிவிங்ஸ்டன் விடுதியில் நவல் பத்தேனா என்னும் பார்சி மாணவருடன் தங்கினார். முதல் வாரத்திலேயே விடுதிச் சோறு பிடிக்கவில்லை என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பும் நம் பிள்ளைகள் இதனைச் சற்று நினைவிற்கொள்வார்களாக!

பத்தேனா நம் நாட்டவர். அந்நாட்டவருள் அண்ணலுக்கு நெருக்கமானவர்கள் வகுப்புத் தோழர்களும் ஆசிரியர்களும் ஆவர். பொருளியல் அறிஞர் செலிக்மன், தத்துவ அறிஞர் ஜான் டூயி, வரலாற்றறிஞர்கள் ஷாட்வெல், ராபின்சன் ஆகியோரையும் கொலம்பியா வகுப்புத் தோழர் சிலரையும் தம் வாழ்வின் மிகச் சிறந்த நண்பர்கள் என்று அண்ணலே பின்னாளில் எழுதினார். ஆசிரியரை நண்பர் என்று அழைக்கும் உரிமை அவருக்குப் படிப்பினால் வந்தது. 1916 மே 9 அன்று கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகள் எவ்வாறு தோன்றின என்பதை ஆராய்ந்து அவர் கட்டுரை படித்தார். அடுத்து இலண்டன் சென்றபோது, அந்நகரத்து அறிஞர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தியவர் செலிக்மன். 1925இல் அண்ணலின் மாகாண நிதி பற்றிய நூலுக்கு முன்னுரை எழுதியவரும் அவரே. ஒரு நகரத்தில் பெற்ற நட்பு அடுத்த நகரத்தின் கதவைத் திறந்தது.

நியூயார்க் சுவர்க்கமன்று. கறுப்பின மக்களுக்கு அந்நாடு இழைத்த கொடுமையை உலகம் அறியும். அண்ணலும் அறிந்திருந்தார், 1946இல் கறுப்பினத் தலைவர் டு போய்சுக்குக் கடிதம் எழுதினார். ஆயினும் அவர் தங்குவதற்கு அறையும் உண்பதற்கு மேசையும் அங்கே மறுக்கப்படவில்லை. அயல்நாட்டில் வாழ்ந்த அவ்வாண்டுகளில் தாம் தீண்டப்படாதவர் என்ற நினைவே அற்றுப்போனது என்று அவர் எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு நெஞ்சு கனக்கிறது.

ஏனெனில் 1917இல் அவர் பணியேற்கச் சென்ற பரோடா அந்நினைவை மீண்டும் கொணர்ந்தது. கொலம்பியாவில் பயின்றவருக்கு ஒரு விடுதியிலும் இடமில்லை. பார்சிகளுக்குரிய சத்திரம் ஒன்றில், காவலாளியின் உடன்பாட்டோடு, பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதி, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார். மின்விளக்கு இல்லாத மாடி, துணைக்கு வௌவால்கள். பதினோராம் நாள் காலை ஏறத்தாழப் பன்னிருவர் தடிகளுடன் வந்து சூழ்ந்தனர். மாலைக்குள் வெளியேறுமாறு கட்டளை. இந்து நண்பர் ஒருவரிடம் தங்க இடம் கேட்டார். நீர் வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவர் என்றார் அவர். கிறித்தவ நண்பர் ஒருவரோ மனைவியைக் கேட்டுச் சொல்வதாகக் கூறிவிட்டார். இறுதியில் ஒரு பொதுப் பூங்காவில் ஐந்து மணி நேரம் அமர்ந்திருந்துவிட்டு, இரவு வண்டியேறிப் பம்பாய் திரும்பினார்.

இங்கே இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தடியோடு வந்தவர்கள் பார்சிகள். 1920இல் அண்ணல் தம் படிப்பை முடிக்க மீண்டும் இலண்டன் செல்லப் புறப்பட்டபோது 5,000 ரூபாய் கடனாகக் கொடுத்தவரும் ஒரு பார்சியே. அவர்தாம் விடுதித் தோழர் நவல் பத்தேனா. தடியைக் கண்ட அண்ணல் பத்தேனாவின் நட்பைக் கைவிடவில்லை.

நம் ஊருக்கு வருவோம். இம்மலையைச் சுற்றியுள்ள பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எத்தனை நாட்டவர் நடக்கின்றனர்! மொழி தெரியாது, ஊர் தெரியாது. நம் தெருப் பிள்ளைகளே அவர்களுக்கு வழி காட்டுகின்றனர். அதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், பிறந்த ஊரின் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் அடியெடுத்து வைக்க 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவும் காவல்துறைப் பாதுகாப்போடு. எது அயலூர், எது சொந்த ஊர் என்று சொல்வது எளிதன்று.

ஆகவே அஞ்சாமல் புறப்படுங்கள். வெளிநாட்டில் முதுநிலை, முனைவர் பட்டப் படிப்புகளுக்கு ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை உண்டு. 1950களிலேயே தொடங்கப்பட்ட திட்டம் அது. 2022இல் வெளியான நெறிமுறைகள் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளை அதிலிருந்து விலக்கின. அண்ணல் 1916இல் படித்த கட்டுரையின் பொருளை எண்ணிப் பார்க்கையில் சிரிப்பதா சினப்பதா என்று நமக்குத் தெரியவில்லை. விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள் ஞாயிறுதோறும் சங்கத்திற்கு வருக. நாம் உடனிருந்து நிரப்பித் தருவோம்.

இலண்டன் செல்வோருக்கு ஒரு வேண்டுகோள். 1921, 1922ஆம் ஆண்டுகளில் அண்ணல் தங்கிப் படித்த கிங் ஹென்றி சாலை 10ஆம் எண் வீட்டை 2015இல் மகாராட்டிர அரசு வாங்கி நினைவகமாக்கியுள்ளது. அதன் வாயிலில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். நம் நூலகச் சுவரில் இடம் ஒதுக்கிவைத்திருக்கிறோம். உடன் நிற்கும் அந்நாட்டு நண்பரின் பெயரையும் படத்தின் பின்புறம் மறவாமல் எழுதுங்கள்.