மைக் கிடைக்கலைன்னு கம்ப்யூட்டர் சொன்னா…
(தச்சநல்லூர் குழுக் கூட்டத்தில் பேசியது)



நம்ம ஆச்சிமார் பாடுற தாலாட்டும் கும்மியும் பெரும்பாலும் எந்த நோட்டிலும் இல்லை. அவங்க இருக்கும்போதே பதிவு பண்ணினால்தான் உண்டு. ஆச்சி வந்து உட்கார்ந்த நேரத்தில் "மைக் இல்லை" என்று கம்ப்யூட்டர் சொன்னால் பயப்படாதீங்க. காசு செலவழித்து ஆளைக் கூப்பிடும் முன் வரிசையாகப் பாருங்கள்.

1. வயர்: மேசைக் கம்ப்யூட்டரில் ரோஸ் கலர் ஓட்டைதான் மைக்குக்கு. பச்சை, ஸ்பீக்கருக்கு. யுஎஸ்பி மைக் என்றால் வேறு ஓட்டையில் மாற்றிச் செருகுங்கள்.

2. அனுமதி: விண்டோஸ் செட்டிங்ஸில் 'பிரைவசி' பகுதியில் மைக்ரோபோன் 'ஆன்' ஆக இருக்க வேண்டும்.

3. பெயர்: 'சவுண்ட்' பகுதியில் மைக் பெயர் வருதா? வந்தால் அடுத்து சாஃப்ட்வேரைப் பாருங்கள். வரலைன்னா வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். கோளாறு மைக்கிலா, கம்ப்யூட்டரிலா என்று தெரிந்துவிடும்.

4. சாஃப்ட்வேர்: இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியைத் திறந்த பிறகு மைக்கைச் செருகினால் அதற்குத் தெரியாது. மூடித் திறங்கள். ரெக்கார்டிங் டிவைஸ் இடத்தில் நம்ம மைக் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

பத்து விநாடி பேசிப் பதிந்து, கேட்டுப் பார்த்த பிறகே ஆச்சியைப் பாடச் சொல்லுங்கள்.

இன்றைய தெலங்கானாவில், ஜகீராபாத் பக்கம், 2008 அக்டோபர் 15-ல் 'சங்கம் ரேடியோ' தொடங்கியது. நம்மைப் போன்ற கிராமத்துச் சங்கப் பெண்களே பதிவு செய்து ஒலிபரப்பினார்கள். மெஷினைத் தொடப் பயந்திருந்தால் அது நடந்திருக்குமா?

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு பாட்டுப் பதிவு கொண்டு வருவோம்!