முற்றவெளிக்கும் மரபுரிமை உண்டு



திருகோணமலையில் மரபுரிமை பற்றி ஒரு கருத்தரங்கு என்றால் கோணேசர் கோயிலும் பிரட்றிக் கோட்டையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் தாமாகவே நிகழ்ச்சி நிரலில் ஏறிவிடும். இம்முறை அமைப்பாளர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பொதுப் பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் பேசுபொருளாக எடுத்திருக்கிறார்கள். துணிச்சல்தான். ஒரு பூங்காவைக் காட்டி இது மரபுரிமை என்று சொல்லிப் பாருங்கள். அங்கே என்ன இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். கல்வெட்டு இல்லை, கோபுரம் இல்லை. புல்லும் நாலு மரமும்.

சட்டமும் ஏறத்தாழ அதையேதான் கேட்டது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் முதலில் எழுதப்பட்டபோது, புராதனச் சின்னம் எதுவென்று தீர்மானிக்க 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைத்தது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள் அது. அதற்கு முன்னர் மனிதர் கட்டியெழுப்பியதற்கு மதிப்பு. 1910இல் யாரோ நட்டு, மூன்று தலைமுறை அதன் நிழலில் இருந்து பேசிய ஒரு வாகை மரத்துக்கு அந்த வரைவிலக்கணத்தில் இடம் தேடுவது வீண். வெளியுலகமும் பெரிதாக முந்திக்கொள்ளவில்லை. 1981இன் புளோரன்ஸ் சாசனம் வரலாற்றுத் தோட்டங்களை உயிருள்ள சின்னங்கள் என்று ஏற்றது. சாதாரண நகரவாசி மாலையில் போய் உட்காரும் பூங்காவுக்கென்று தனி ஆவணம் ஒன்றை மரபுரிமைப் பாதுகாப்புக்கான உலக அமைப்பான ஐகோமோஸ் ஏற்றுக்கொண்டது 2017இல், புதுடில்லியில் கூடிய பொதுச்சபையில்தான்.

நம் ஊருக்கு வருகிறேன். கோட்டைக்கும் ஊருக்கும் இடையே கிடக்கும் முற்றவெளியை ஒருவரும் பூங்காவாகத் திட்டமிடவில்லை. போர்த்துக்கேயர் 1624இல் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1795இல் அது ஆங்கிலேயர் வசமானது. ஆள் மாறினாலும் கோட்டைக்காரரின் கணக்கு ஒன்றுதான்: மதிலுக்கு முன்னால் எதிரி ஒளிய மரமோ வீடோ இருக்கக் கூடாது, பீரங்கிக் குண்டு தடையில்லாமல் போகவேண்டும். கொழும்பின் காலிமுகத்திடலும் யாழ்ப்பாணத்து முற்றவெளியும் பிறந்தது இப்படியே. நாம் காற்று வாங்க எவரும் நிலம் ஒதுக்கவில்லை. சுடுவதற்கு ஒதுக்கினார்கள், காற்று வாங்குவதை நாம் கண்டுபிடித்துக்கொண்டோம்.

அந்தக் கண்டுபிடிப்புக்கு வாய்ப்பான காலம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். 1905இல் லண்டன் கடற்படைத் தலைமை செலவைக் குறைக்க இங்கிருந்த கடற்படைத் தளத்தை மூடியது. படையை நம்பி வாழ்ந்த ஊருக்கு அது பேரிடி. ஆனால் காவலும் கண்டிப்பும் தளர்ந்தால் மைதானம் ஊராரின் பக்கம் சாயத்தானே செய்யும். பின்னர் 1927இல் புகையிரதம் வந்தது, சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன, உவர்மலைப் பக்கம் குடியிருப்புகள் பரவின. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். 1957இல் ஆங்கிலேயர் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். இத்தனைக்கும் நடுவில் இந்த வெளி வெளியாகவே எஞ்சியது. உதைபந்தாட்டம், கூட்டம், பட்டம், மான்கள், மாலை நடை. துறைமுகத்தின் வரலாற்றை எழுதியவர்கள் கப்பல்களைத்தான் எண்ணினார்கள். பந்தடித்தவர்களை ஒருவரும் எண்ணவில்லை.

முற்றவெளியை அண்டிய பழைய இடுகாட்டில் ஜேன் ஒஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1852இல் பர்மாவின் ஐராவதி ஆற்றில் கப்பலிலேயே இறந்தவர். நாவலாசிரியையின் பெயரால் அந்தக் கல்லறையைத் தேடி வெளிநாட்டார் வருவதுண்டு. வரட்டும், நல்லதே. பக்கத்தில் இருக்கும் புல்வெளியைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் ஒரு பக்கக் குறிப்புக்கூட இல்லை என்பதே எனக்கு உறுத்தல்.

மண்ணுக்குக் கீழேயும் இந்த ஊர் வெறுமையாக இல்லை. 1950இல் நகரசபையார் கிணறு வெட்டியபோது, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் செப்புத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. ஊரே திரண்டு கொண்டாடிய நிகழ்ச்சி. திருமேனி எடுத்த மண்ணுக்கு நாம் வைத்த மரியாதை எவ்வளவு என்பதை இங்கே அமர்ந்திருக்கும் தொல்லியலாளர்கள் சொல்லவேண்டும்.

பூங்காவின் பெரிய பகை அதன் வெறுமைதான். குடியிருப்போர் இல்லை, நட்டஈடு கேட்பார் இல்லை. ஆதலால் எடுப்பதற்கு அதுவே இலகுவான காணி. கொழும்பு கறுவாத்தோட்டத்து விக்டோரியா பூங்காவை எண்ணிப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இராணுவம் அதை எடுத்துக்கொண்டது. 1951இல்தான் பொதுமக்களுக்கு மறுபடி திறந்தார்கள். பிறகு விகாரமகாதேவி பூங்கா என்று பெயர் மாறியது. சென்னையில் 1920இன் நகரமைப்புச் சட்டத்தை ஒட்டி மாம்பலம் ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகர் எழுந்தது. அன்று அது பட்டணத்துக்கு வெளியே ஒரு புறநகர். அதன் நடுவில் நீதிக்கட்சியின் முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயரில் பூங்கா அமைத்தார்கள். இப்போது அந்தப் பூங்காவின் ஒரு பகுதியை மெட்ரோ ரயில் நிலையத்துக்காகத் தோண்டியிருக்கிறார்கள். மெட்ரோ வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சுற்றியுள்ள பட்டுக்கடைகளில் ஒன்றை எடுப்பதானால் எத்தனை வழக்கு எழுந்திருக்கும் என்று மட்டும் யோசிக்கிறேன்.

இராணுவத்தையும் ரயிலையும்விட எனக்குப் பயம் அழகுபடுத்தலில்தான். புல்லை உரித்துச் சிமெந்துக்கல் பதிப்பது, வேரைச் சுற்றிக் கட்டு எழுப்பி மரத்தை மூச்சுத்திணற வைப்பது, வேலி அடைத்து நுழைவுச்சீட்டுப் போடுவது. எவரும் எவரையும் கேட்காமல் உள்ளே போய் உட்காரலாம் என்ற வழக்கம்தான் முற்றவெளியின் ஆதாரமான சொத்து. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் ஒரே மாலையில் வந்துபோகும் இடங்கள் இந்த ஊரில் அதிகமில்லை. சீட்டுப் போட்ட அன்றைக்கே அந்தச் சொத்து போய்விடும். மான்கள் விஷயத்திலும் நாம் அழகை மட்டுமே பார்க்கிறோம். ஊர் மான்கள் என்று படம் எடுத்துப் போடுகிறோம். அவை பொலித்தீன் தின்று சாகின்றன.

திறந்தவெளி எதையெல்லாம் தாங்கியிருக்கிறது என்பதை மறைத்து மரபுரிமை பேசக்கூடாது. 1974 ஜனவரி 10, யாழ்ப்பாணத்தில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாள். வீரசிங்கம் மண்டபத்தின் முன் கூடிய மக்கள், பொலிஸார் தாக்கியபோது, அந்த ஊர் முற்றவெளியில்தான் சிதறி ஓடினார்கள். உயிரிழந்தவர்களின் நினைவுச்சின்னம் அங்கேயே நிற்கிறது. 2006 ஜனவரி 2, இதே திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலைக்கு அருகே, மாலையில் கூடியிருந்த ஐந்து மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவர்கள் அங்கே இருந்ததற்கு ஒரே காரணம், இருக்கலாம் என்று நம்பிய இடம் அது. பட்டியலில் சேர்க்க அழகான இடங்களை மட்டும் தேடுபவர்களுக்கு இந்த இரண்டு தேதிகளும் இடைஞ்சலாக இருக்கும். இருக்கட்டும்.

கருத்தரங்கின் இந்த இரண்டு நாட்களிலும் கட்டுரையாளர்களிடம் நான் எதிர்பார்ப்பதைச் சொல்லிவிடுகிறேன். கடற்படைக் கால நில அளவைப் படங்களையும் நகரசபைக் கூட்ட அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முற்றவெளியின் எல்லை எந்த ஆண்டில் எங்கே சுருங்கியது என்று காட்டுங்கள். மரங்களுக்கு ஒரு பதிவேடு வேண்டும்: இனம், சுற்றளவு, உத்தேச வயது. இங்கே பந்தடித்தவர்கள், கடலை விற்றவர்கள், கூட்டத்துக்கு ஒலிபெருக்கி கட்டியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய வாய்மொழியை ஒலிப்பதிவு செய்யாமல் கட்டட வரைபடத்தை மட்டும் கொண்டு வந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கும். உணர்ச்சிப் பேச்சைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். அதில் தலைமை உரைக்காரன் ஏற்கெனவே தன் பங்கை எடுத்துக்கொண்டுவிட்டான்.

முதல் அமர்வு நில அளவைப் படங்களைப் பற்றியது. கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம். ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம். மணி என் கையில் இருக்கிறது.